பிரித்தானிய வாடகைக் கொடுப்பனவும் பகிர்வீட்டு அறையும்

குடியிருப்பு மனிதனின் அடிப்படைத் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், அத்தேவையின் அளவை நிர்ணயிப்பவர் யார் என்ற வினா எழும்போதே சமூகநலச் சட்டங்களின் உண்மை இயல்பு வெளிப்படுகின்றது. இதனைப் பிரித்தானியாவின் தனியார் வாடகை வீடுகளை ஆதாரமாகக் கொண்டு நோக்குவோம்.

பலர் வாழும் வீடொன்றில் ஓர் அறையை மட்டும் வாடகைக்குப் பெற்றவரும் அங்கு வாடகைக் கொடுப்பனவைக் கோரலாம். சமையலறை பொதுவாயினும் வீட்டுத் தோழர்கள் ஒரே குடும்பமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆதலின் அவர்களது வருமானம் கணக்கிற் சேராது. வாடகை செலுத்தும் கடப்பாடு உண்மையானதாக இருத்தல் வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர் முதலிய நெருங்கிய உறவினரே வீட்டுரிமையாளராக உடன் வாழ்வாராயின் உரிமை இல்லை. குடிவரவு நிபந்தனையாற் பொதுநிதி மறுக்கப்பட்டோருக்கும் இது கிட்டாது. உறவினரை நம்பியே புதுவாழ்வு தொடங்கும் எம்மவர் போன்றோரை இவ்விதிகள் பெரிதும் பாதிக்கக்கூடியன.

உரிமை உண்டெனினும் முழு வாடகையும் கிடைக்கும் என்பதில்லை. 1996இல் 25 வயதிற்குட்பட்ட தனியருக்கு ஓர் அறையின் வாடகையே உச்ச எல்லையாக விதிக்கப்பட்டது. 2012 ஜனவரியில் அவ்வயதெல்லை 35 ஆக உயர்த்தப்பட்டது. 2013 முதல் யுனிவர்சல் கிரெடிட் என்னும் ஒருங்கிணைந்த கொடுப்பனவு படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோதும் இவ்விதி நீடித்தது. கடும் உடற்குறையுடையோர் முதலிய சிலருக்கே விலக்குண்டு.

பிரதேச வாடகைகளை ஏறுவரிசைப்படுத்தி, நூற்றுக்கு 30ஆவது நிலையில் உள்ளதை உச்ச எல்லையாகக் கொள்ளும் முறை 2011இல் வந்தது. அதற்கு முன்னர் நடுநிலை வாடகையே அளவுகோலாயிருந்தது. 2016 முதல் 2020 வரையும், மீண்டும் 2024 வரையும் தொகைகள் உறைநிலையில் வைக்கப்பட்டன. வாடகையோ உறையவில்லை. எல்லை வாரம் 100 பவுணாகவும் வாடகை 130 பவுணாகவும் இருப்பின், எஞ்சிய 30 பவுண் உணவுச் செலவிலிருந்தே எடுக்கப்படும்.

உழைக்கும் இளைஞரும் அறையிற்றானே வாழ்கின்றனர் என்பது இவ்விதியை ஆதரிப்போரின் வாதம். ஆயின், மணமுறிவுற்ற 34 வயதுத் தந்தையொருவரை எண்ணுவோம். பிள்ளை தாயுடன் வாழ்வதால் சட்டம் அவரைத் தனியராகவே கொள்கின்றது. வார இறுதியில் வரும் பிள்ளைக்கு அவ்வறையில் இடமில்லை.

வாழ்நிலையை ஆராயாது வயதை மட்டும் அளவுகோலாக்கும்போது, உரிமை சலுகையாகச் சுருங்குகின்றது. வாடகையைக் கட்டுப்படுத்தாது கொடுப்பனவை மட்டும் கட்டுப்படுத்தும் அரசு, சந்தையின் சுமையை வறியவர் தோளுக்கே மாற்றுகின்றது என்பதே எமது முடிபு.