பாறைக்குள் ஒரு கங்கை

கோடையில் தர்மபுரிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தச் சீமையின் வறட்சி தெரியும். எங்கே பார்த்தாலும் கரட்டுக் குன்றுகள், கருகிய புல், அடி தெரியும் கிணறுகள். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான பூமி இது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் பழைய சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது இங்குள்ள குடியானவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்.

இப்படிப்பட்ட சீமையிலே, அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு மலைக்குத் தீர்த்தமலை என்று பெயர்! ஸ்வாமி தீர்த்தகிரீசுவரர், அம்பாள் வடிவாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய ஸ்தலம். படியேறிப் போனால் கோயிலை ஒட்டிச் செங்குத்தான பாறை நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கிறது. அருவி மாதிரி ஆரவாரம் கிடையாது. ஆனால் கோடையிலும் அது நிற்பதில்லை என்பது ஊராரின் அனுபவம். இதற்குத்தான் ராம தீர்த்தம் என்று பெயர்.

ஸ்தல புராணம் சொல்லும் கதை இது. இராவண வதம் முடிந்து திரும்பும் வழியில் ஸ்ரீராமர் இங்கே சிவபூஜை செய்ய விரும்பினார். காசியிலிருந்து கங்கை ஜலம் கொண்டு வரும்படி அனுமனை அனுப்பினார். பூஜைக்கு வேளை நெருங்கிவிட்டது, போனவன் வரவில்லை. வடக்குத் திக்கையே பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது? ராமர் வில்லை எடுத்துப் பாறையில் ஓர் அம்பு விட்டார். எட்டாத தூரத்திலிருந்து வர வேண்டிய கங்கை, பக்கத்துப் பாறையிலிருந்தே பெருகியது. பூஜையும் குறைவின்றி நடந்தது.

பிறகு அனுமன் வந்தான். ஓடோடி வந்தவன், வேறு தண்ணீரில் அபிஷேகம் முடிந்திருப்பதைக் கண்டான். மனசு எப்படி இருந்திருக்கும்? பண்டிகைக்கென்று பாடுபட்டுப் பட்சணம் செய்து கொண்டுபோய், "பந்தி முடிந்துவிட்டதே!" என்ற பதிலைக் கேட்டவர்களுக்கு அது புரியும். கோபம் தாங்காமல் குடத்தைத் தூக்கி எறிந்தான். அது தென்பெண்ணைக் கரையில் போய் விழுந்தது. விழுந்த இடம் அனுமன் தீர்த்தமாயிற்று.

கோபத்தில் எறிந்த தண்ணீரையும் பகவான் தள்ளிவிடவில்லை பாருங்கள்! முதலில் அனுமன் தீர்த்தத்தில் முழுகிவிட்டுத்தான் தீர்த்தமலைக்குப் போவது பக்தர்களின் வழக்கம். 'வீணாய்ப் போயிற்றே' என்று அவன் நினைத்த சேவைக்கு முதல் மரியாதை!

நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? பெண்ணுக்கு வரன் குதிரவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை. நோயில் கிடப்பவர் எழுந்திருக்கவில்லை. விளக்கேற்றி வேண்டிக்கொண்டே இருக்கிறோம். ஸந்நிதியிலிருந்து ஒரு பதிலும் இல்லை. 'ஸ்வாமிக்குக் காது கேட்கவில்லையா?' என்று தோன்றிவிடுகிறது.

சைவப் பெரியோர்கள் இந்தக் கேள்விக்குப் பயப்படவில்லை. இறைவனுக்கு ஐந்து தொழில்கள் உண்டு என்றார்கள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைந்து நிற்பதையும் அவன் செய்யும் காரியமாகவே எண்ணிவிட்டார்கள்! அருளுக்குப் பக்கத்திலேயே அதை வைத்தும் விட்டார்கள். 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் 'சிவஞான சித்தியா'ரில் ஓர் உவமை சொல்கிறார். சொன்னபடி கேட்காத பிள்ளையைப் பெற்றவர்கள் அதட்டுவார்கள், அடிப்பார்கள், கட்டியும் போடுவார்கள். எல்லாம் பரிவினால்தான். இறைவனுடைய கோபமும் அப்படித்தான் என்கிறார். இதற்கு மறக்கருணை என்று பெயர்.

சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை இதற்குச் சரியான சாட்சி. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, "உன்னைப் பிரியேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு திருவாரூர் நினைவு வந்தது. சத்தியத்தை மறந்து புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் இருண்டுவிட்டன. தம்முடைய தோழர் என்பதற்காகப் பெருமான் அந்தப் பெண்ணுக்குச் செய்த துரோகத்தைப் பாராமல் இருந்துவிடவில்லை!

திருவெண்பாக்கத்தில் போய்க் கண்ணைக் கேட்டார். கண் கிடைக்கவில்லை, கிடைத்தது ஓர் ஊன்றுகோல். நண்பர் செய்கிற காரியமா இது? ஆனால் அந்தக் கோலை ஊன்றி நடந்த வழியெல்லாம் அவர் பாடிக்கொண்டே போனார். காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட, வேறிடத்தில் அமைத்த புதுக் கோயிலில் இன்றும் அந்த ஸ்வாமிக்கு ஊன்றீசுவரர் என்றே பெயர்.

இங்கே சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருகிற துன்பமெல்லாம் தண்டனை என்று எண்ணிவிடக் கூடாது. சுந்தரர் சத்தியம் தவறினார், சரி. அனுமன் என்ன தவறினான்? துக்கம் வந்த வீட்டுக்குப் போய், "எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தாளோ!" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அந்தச் சொல் விழுந்தால், அவள் ஆயுசு முழுவதும் அதையே சுமப்பாள். மறக்கருணை என்பது அவரவர் தம் மனசைத் தாமே சோதித்துக்கொள்வதற்காகச் சொன்னது. அடுத்த வீட்டுக்காரியை அளப்பதற்குச் சொன்னதல்ல. அவளுக்கு வேண்டியது ஓர் ஊன்றுகோல். இரண்டு நாள் அவள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே போதும்.

காத்திருப்பதென்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்றும் அர்த்தமில்லை. ஸ்ரீராமரே வில்லை எடுத்தாரல்லவா? ஜுரமென்றால் டாக்டரைக் கூப்பிடுவதும், மனு எழுதிப் போடுவதும், நாலு பேரிடம் வரன் விசாரிப்பதும் பிரார்த்தனையோடு சேர்ந்தவைதான்.

தீர்த்தமலைப் பாறையை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் இருப்பதாகவே தோன்றாது. என்றோ பெய்த மழை வெடிப்புகளில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்லக் கசிந்து வருகிறது. நேற்றைய மழை இன்றே சொட்டிவிட்டால், கோடைக்கு என்ன மிஞ்சும்?

ஆடிப் பதினெட்டன்று அங்கே நல்ல கூட்டம். அமைதியாகத் தரிசிக்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் போகலாம். பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தத்தில் குளித்துவிட்டு, வெயிலுக்கு முன்னே மலையேறிப் பாறையடியில் நின்று கையை நீட்டுங்கள். முதல் சொட்டு விழக் கொஞ்சம் தாமதமாகலாம், கையை எடுத்துவிடாதீர்கள்.