கூத்துக்களரியில் வேடமும் வரம்பும்

வேடம் புனைந்தான் ஒருவன் தன்னிலை மறந்து உடனாடுவார்க்கு ஊறு செய்யப் புகின், அவனை அடக்குமாறு யாது? 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' போன்ற ஆட்டங்களில், மேசையைச் சூழ்ந்தமர்ந்து கதைமாந்தராய்ப் பேசி ஆடுவோர்க்கும் இவ்வினா உண்டு. அவர்களுட் பலர் கதை தீண்டலாகாதவற்றை முன்னரே வரையறுத்துக்கொள்வர். ஒருவர் மீறின், நடத்துநர் ஆட்டத்தை நிறுத்தி, வேடத்துக்குப் புறத்தே நின்று அவரோடு பேசுவார்.

வேலூர், ஆம்பூர், புரிசை ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்டு, 1989இல் பிரிக்கப்பட்ட வடஆர்க்காடு மாவட்டத்தின் தெருக்கூத்திலும் இந்நெறியைக் காண்கின்றோம். ஆயின் ஈண்டு வரம்பு களரியிலேயே, அவையோர் காண வகுக்கப்படுகின்றது. திரௌபதி துகிலுரிதலில் துச்சாதனனாக ஆடுவோர், சேலையைப் பற்றுமுன் வேடத்தினின்று நீங்கி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழைபொறுக்க வேண்டுதல் வழக்கம். இவ்வேண்டுதல் வழிபாடு மட்டுமன்று. செயல் வேடத்தினது, தன்னதன்று என ஆடுவோர் தமக்கும் அவைக்கும் உணர்த்துவதுமாம். ஆவேசம் மிகுந்துழி உடனிருப்போர் அவரைப் பிடித்து நிறுத்துவர்.

இவ்விரண்டற்கும் இடையே நிற்பவன் கட்டியங்காரன். கதையினுள் ஏவலனாகவும் புறத்தே விளக்குவோனாகவும் விளங்கும் அவனுக்கு, மன்னனையும் நையாண்டி செய்யும் உரிமை உண்டு. ஆதலின் கூத்து அறுபடாமலே வேடத்தின் வேகத்தைத் தணிக்க அவன் வல்லனாகின்றான்.

எனவே, முன்னுரைத்த வரம்பு, கதைக்குள்ளிருந்தே தணிப்பவன், இறுதியில் உடல்வழித் தடை என மூன்று படிகளை யாம் பகுத்துக் காணலாம். இவை உளவாகலானே, அவைநடுவண் நிகழ்ந்த கொடுமையை ஒருவர்க்கும் ஊறின்றி முழுமையாக ஆடிக்காட்டல் இயலுகின்றது.