பார்சலுக்குக் காப்புறுதி செய்ய வேண்டுமா?



தீபாவளி நெருங்கும்போது லயங்களில் இந்தப் பேச்சு கேட்கும். "மகன் கொழும்பில இருந்து சாமான் அனுப்பியிருக்கானாம்." "தங்கச்சி குவைத்தில இருந்து பெட்டி போட்டுட்டாளாம்." பெட்டி வந்து சேரும் வரை வீட்டில் எல்லோருக்கும் அதே நினைப்புத்தான். உள்ளே ஒரு கைத்தொலைபேசி இருந்தால், அது பல நாள் பேர் போட்டுச் சேர்க்க வேண்டிய காசு. அது வழியில் காணாமற் போனால் யார் பொறுப்பு?

பார்சலை ஒப்படைக்கும் இடத்தில் "காப்புறுதி செய்யவா?" என்று கேட்பார்கள். "வேணாங்க, எதுக்கு வீண் செலவு" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. பயத்தில் எல்லாப் பொதிக்கும் காசு கட்டுபவர்களும் உண்டு. இந்த முடிவை எப்படி எடுப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு பேச்சுக்கு, 40,000 ரூபா பெறுமதியான தொலைபேசிக்குக் காப்புறுதிக் கட்டணம் 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் இப்படிக் கட்டினால் 40,000 ரூபா சேரும். அதாவது நூறு பொதியில் ஒன்று தொலைந்தால்தான் கட்டிய காசுக்கும் கொடுக்கும் நட்டஈட்டுக்கும் சரியாக வரும். காப்புறுதி நடத்துபவருக்குச் செலவும் இலாபமும் இருப்பதால், பொதுவாக அதைவிடக் குறைவாகவே தொலையும். ஆகவே 1,500 ரூபா சேலைக்கும் பிள்ளையின் சட்டைக்கும் ஒவ்வொரு முறையும் காப்புறுதி கட்டினால், மொத்தத்தில் நட்டம் நமக்குத்தான்.

ஆனால் நம் வீட்டுக்கு நூறு தொலைபேசி வருவதில்லை. வருவது ஒன்றே ஒன்று. அது போனால் முழுதும் போனதுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "இது தொலைஞ்சா, கடன் வாங்காம நம்மால சமாளிக்க முடியுமா?" முடியும் என்றால் காப்புறுதி வேண்டாம். முடியாது என்றால் அந்தச் சிறு கட்டணத்தைக் கட்டுவது புத்தி.

பதிவுத் தபால் காப்புறுதி ஆகாது

"ரெஜிஸ்டர் பண்ணித்தானே அனுப்பினேன்" என்று சொல்வார்கள். பதிவு செய்தால் பொதிக்கு ஒரு இலக்கம் கிடைக்கும், கையொப்பம் வாங்கிக் கொடுப்பார்கள், தேடிப் பார்க்க வழி இருக்கும். ஆனால் தொலைந்தால் பொருளின் முழுப் பெறுமதி கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. கூரியர் கம்பனிகளும் பெறுமதியை எழுதிக் காப்புறுதி செய்யாத பொதிக்கு ஒரு எல்லைக்கு உட்பட்ட தொகையே கொடுப்பது வழக்கம். அது சீட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள்.

பஸ் நடத்துனரிடம் கொடுத்து அனுப்புவது இன்னொரு வழக்கம். அதில் சீட்டும் இல்லை, காப்புறுதியும் இல்லை. போனால் போனதுதான்.

காப்புறுதியால் பயனில்லாதவை

1. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட். காப்புறுதி காசு தரும், பத்திரத்தைத் தராது. இவற்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போட்டோ பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

2. காசு. பொதிக்குள் ஒருபோதும் வைக்க வேண்டாம். காசுக் கட்டளையும் வங்கியும் அதற்காகத்தான் இருக்கின்றன.

3. தங்க நகை. சர்வதேசத் தபால் விதிகளின்படி, காப்புறுதி இல்லாத கடிதப் பொதிகளில் பணத்தாளும் நகையும் வைப்பது தடை. சேலை மடிப்புக்குள் ஒளித்து அனுப்பி அது தொலைந்தால் கேட்க வாயில்லை. நம்பிக்கையான சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவருவதே நல்லது.

காப்புறுதி செய்தும் காசு வராத சந்தர்ப்பங்கள்

பொதியைச் சரியாகக் கட்டாததால் உடைந்த போத்தலுக்கு நட்டஈடு கிடைக்காது. தடைசெய்யப்பட்ட சாமானுக்கும் கிடைக்காது. 40,000 ரூபா பொருளுக்கு 10,000 என்று எழுதினால் 10,000க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 80,000 என்று எழுதினாலும் பொருளின் உண்மைப் பெறுமதிக்கு மேல் தரமாட்டார்கள். பொய் சொன்னதாகக் கண்டால் ஒன்றுமே இல்லாமல் போகலாம். ஆகவே கடை பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில் இல்லாத பொருளுக்குப் பெறுமதியை நிரூபிப்பது கஷ்டம்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் பெட்டி போடுபவர்களிடம் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: "முழுப் பெட்டியும் தொலைஞ்சாத்தான் காசு தருவீங்களா? உள்ளுக்க ஒரு சாமான் மட்டும் காணாமப் போனா தருவீங்களா?" கப்பல் காப்புறுதியில் இரண்டு வகையும் உண்டு. பெட்டியை மூடுமுன் சாமான்களின் பட்டியலை விலையோடு எழுதி, தொலைபேசியில் படமும் எடுத்து வீட்டுக்கு அனுப்பட்டும்.

கையொப்பத்தில் கவனம்

நம் தோட்டத்து மக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். பொதி முறைப்படி ஒப்படைக்கப்பட்டுக் கையொப்பம் விழுந்தால், தபாலின் பொறுப்பு அத்தோடு முடிகிறது. பல தோட்டங்களில் தபால் ஆபிஸ் வழியாகத்தான் லயத்துக்கு வருகிறது. அங்கே வேறொருவர் நமக்காகக் கையொப்பம் போட்டு வாங்கி, அதன் பிறகு பொதி காணாமற் போனால், "ஒப்படைத்துவிட்டோம்" என்ற பதில்தான் கிடைக்கும். கட்டிய காப்புறுதி அந்த இடத்தில் உதவாது.

அதனால் அனுப்புபவரிடம் முழுப் பெயர், டிவிசன், லயத்து இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பெறுமதியான பொதி என்றால் அடையாள அட்டையோடு தபால் கந்தோருக்கு நீங்களே போய் எடுக்கலாமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

வாங்கும்போது பொதியைத் திருப்பிப் பாருங்கள். கிழிந்தோ, நனைந்தோ, பாரம் குறைந்தோ இருந்தால் கையொப்பம் போடுமுன் தபாலதிபரிடம் காட்டி, அதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். "ஐயா கோபிப்பாரோ" என்று கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை.

பொதி வராவிட்டால் "வரும், வரும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. வெளிநாட்டுத் தபாலைப் பற்றிய விசாரணையை, அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு அனுப்பியவரின் சீட்டு அவசியம். சீட்டு அங்கே, நாம் இங்கே என்பதால், அனுப்பிய அன்றே அதன் படத்தை வாங்கி வையுங்கள்.

தொலைந்தால் தாங்க முடியாத பொருளா, அதற்கு விலை போட முடியுமா, பில் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் காப்புறுதி செய்யுங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் நல்ல பெட்டியும் கயிறும் வாங்கி இறுக்கிக் கட்டுங்கள். இந்தப் பக்கத்தைக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பொதியைக் கட்டுவது அவர்கள்தானே.