பழ ஈயில் தொடங்கிய பாதை

எங்கள் மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டியானாலும் தாராபுரமானாலும், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் ஊரே கேட்பது ஒன்றுதான்: "டொக்டருக்குத்தானே?" இசட் புள்ளி கொஞ்சம் குறைந்துவிட்டால் வீடு மௌத்து வீடு மாதிரி ஆகிவிடுகிறது. உயிரியலுக்கு வேறு வாசல்களும் உண்டு. தமிழ் படித்த எனக்கு இது அயல் துறைதான்; இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காகவே ஜெய் கோபாலகிருஷ்ணன் என்ற மூலக்கூற்று உயிரியலாளரின் ஆய்வுகளைத் தேடி வாசித்தேன்.

அவர் தொடங்கியது மூளையில் அல்ல, பழ ஈயில். கலம் பிரியும்போது அதன் இழைகளை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரோசோம் என்ற நுண்ணுறுப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்பதே அவரது கேள்வி. ஹாவார்டில் அவர் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அது 'சாஸ்-4' என்ற ஒரேயொரு புரதத்தைப் பற்றியது. "ஈயின் புரதத்தைப் படித்து என்ன கிடைக்கும்?" என்று நம்மூரில் கேட்டிருப்பார்கள்.

அதே புரதம் மனிதரிடம் 'சீபாப்' என்ற பெயரில் இருக்கிறது. அதற்கான பரம்பரையலகு பழுதானால் பிள்ளை மிகச் சிறிய தலையோடு பிறக்கலாம். ஏன் அப்படி? கருவில் வளரும் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ஈயின் மூளையோ மனித மூளைக்கு ஈடாகாது.

வழி வியன்னாவில் திறந்தது. தோற்கலத்தை மூலக்கலமாக மாற்றும் வித்தையை ஜப்பானின் யமனாக்கா ஏற்கெனவே காட்டியிருந்தார். 2013இல் மெடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிச்சும் மூலக்கலங்களிலிருந்து கடலையளவு மூளைத் திசுவை வளர்த்தார்கள். அதுதான் மூளை ஓர்கனொய்ட்.

கோபாலகிருஷ்ணன் ஜேர்மனியின் கொலோனில் இந்த முறையைக் கையிலெடுத்தார். சீபாப் பழுதான நோயாளியின் கலங்களிலிருந்து ஓர்கனொய்ட் வளர்த்தபோது விடை கிடைத்தது (2016). மூளையின் தாய்க்கலங்கள் போதியளவு பெருகுமுன்பே அவசரப்பட்டு நரம்புக் கலங்களாகிவிடுகின்றன. அதனால்தான் மூளை சிறுத்துப்போகிறது. பிரேசிலைக் கலங்கடித்த சிக்கா வைரஸும் அதே அவசரத்தைத்தான் உண்டாக்குகிறது என்று 2017இல் அவரது குழு காட்டியது. பரம்பரைப் பழுதும் தொற்றுநோயும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன!

2021இல், டுசல்டோர்ஃபில் அவரது குழு வளர்த்த ஓர்கனொய்ட்களில் கண்ணின் ஆரம்பக் கிண்ணங்கள் இரண்டிரண்டாக முளைத்தன. வெளிச்சம் பட்டதும் அவற்றின் கலங்கள் துலங்கின.

இதைச் சொன்னபோது ஒரு உம்மா கேட்டார்: "அதுக்கு உசிர் இருக்கா சேர்?" நல்ல கேள்வி. கலங்களுக்கு உயிர் உண்டு. ஆனால் அதற்கு உடம்பில்லை, இரத்த ஓட்டமில்லை. அது முழு மூளையுமல்ல. மார்க்க அறிஞர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்திருந்து பேசவேண்டிய விஷயம் இது.

மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளைக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் விஞ்ஞானபீடம் இருக்கிறது. அங்கேயும் பழ ஈயைப் பற்றிப் படிக்கலாம்.