அல்சருக்கு நரம்பை வெட்டியாச்சு... முழுசா வெட்டினாங்களான்னு எப்படித் தெரியும்?

பிடித்த சாப்பாட்டின் வாசனை வந்தாலே நாக்கில் எச்சில் ஊறும். அதே நேரம் வயிற்றில் அமிலமும் ஊறும். மூளையிலிருந்து வயிற்றுக்கு அந்தத் தகவலைக் கொண்டுபோவது வேகஸ் நரம்பு.

அமிலம் புண்ணை ஆறவிடாது. அப்படியென்றால் தகவல் போகும் வழியையே வெட்டிவிட்டால் என்ன? 1943-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அறுவை சிகிச்சை நிபுணர் லெஸ்டர் டிராக்ஸ்டெட் இதைத்தான் செய்தார். அந்தச் சிகிச்சையின் பெயர் வேகாட்டமி.

சிக்கல் எங்கே?

வேகஸ் ஒரே கம்பி இல்லை. உணவுக்குழாயின் முன்னும் பின்னும் இறங்கி, மெல்லிய கிளைகளாகப் பிரியும். பின்பக்கம் ஒளிந்து போகும் ஒரு கிளைக்கு மருத்துவர்கள் வைத்த பெயரே ‘குற்றவாளி நரம்பு’! அது தப்பிவிட்டால் அமிலம் மறுபடி சுரக்கும், அல்சரும் திரும்ப வரலாம். வெறும் கண்ணால் பார்த்து ‘எல்லாம் வெட்டியாச்சு’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1946-ல் ஃபிராங்க்ளின் ஹாலண்டர் ஒரு வழி சொன்னார். நோயாளிக்கு இன்சுலின் போட்டு ரத்தச் சர்க்கரையை 50 மில்லிகிராமுக்கும் கீழே இறக்க வேண்டும். பதறிப்போகும் மூளை, வேகஸ் வழியாக வயிற்றுக்குக் கட்டளை அனுப்பும். மூக்கு வழியே விட்ட குழாயில் வயிற்று நீரை எடுத்துச் சோதிப்பார்கள். அமிலம் கூடினால், எங்கோ ஒரு கிளை மிச்சமிருக்கிறது. கூடாவிட்டால் வெட்டு முழுமை.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. சர்க்கரை இறங்கினால் வியர்வை, படபடப்பு, சில நேரம் மயக்கம் வரை போகும். இதய நோயாளிகளுக்கு ரொம்பவே ரிஸ்க். குளுக்கோஸ் ஊசியைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருக்க வேண்டும்.

பிறகு வந்தது எளிய வழி: சாப்பாட்டை மென்று, விழுங்காமல் துப்ப வேண்டும். ருசி மூளையைத் தூண்டும். நரம்பு மிச்சமிருந்தால் அமிலம் சுரக்கும்.

இப்போது?

1970-களில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. பல அல்சர்களுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிதான் என்று பேரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். கிருமிதான் காரணம் என்றால் சுமார் 2 வாரம் மருந்து போதும். வேகாட்டமி இன்று அபூர்வம்.

‘மென்று துப்பும்’ சோதனை மட்டும் முழுசாக ஓய்வு பெறவில்லை. நெஞ்செரிச்சலுக்கான அறுவை சிகிச்சையில் வேகஸ் தவறுதலாக அடிபட்டதா என்று பார்க்கவும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அன்று ‘முழுசா வெட்டியாச்சா?’ என்று கேட்ட அதே சோதனை, இங்கே கேட்பது ‘வெட்டாமல் தப்பிச்சுதா?’