ஆங்கில நாட்டுப்புறச் சேகரமும் குடிவழி ஆராய்ச்சியும்

அரசர்க்கும் பிரபுக்களுக்கும் வமிசாவளி எழுதிவைப்போர் எந்நாட்டிலும் உளர். ஏருழுதும் ஆடு மேய்த்தும் காலங்கழித்த எளியோர்க்கு அஃது இல்லை. ஆயினும் இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறங்களில், எழுத்தறியாப் பண்ணையாள் ஒருவனது குடிவழியையும் முந்நூறு நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று காணுதல் கூடும். அதற்குக் கருவியாயிருப்பன அவ்வச் சேகரத்துக் கோயிற் பதிவேடுகளே. அவற்றைக் குறித்து ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சராகிய தாமஸ் கிராம்வெல் என்பார், 1538ஆம் ஆண்டில், சேகரந்தோறும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்னும் மூன்றனையும் எழுதிவைக்குமாறு கட்டளையிட்டனர். ஞாயிறுதோறும் குருவானவர் கோயிற் காரியஸ்தர் முன்னிலையில் எழுதல் வேண்டும். ஏட்டை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைத்து, திறவுகோல் ஒன்றைக் குருவும் மற்றொன்றைக் காரியஸ்தரும் கொள்ளல் வேண்டும். தவறின் 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். புதுவரி விதித்தற்கு இது முன்னேற்பாடோ என்று குடிகள் பலர் ஐயுற்றனர். 1598இல், காகித ஏடுகளையெல்லாம் தோற்சுவடியிற் பெயர்த்தெழுதும்படி விதி பிறந்தது. தொடக்கமுதல் எழுதுக, சிறப்பாக எலிசபெத்து அரசியார் பட்டமெய்திய 1558 முதல் எழுதுக என்றமையால், எழுதினோர் பலர் 1558க்கு முற்பட்டவற்றைக் கைவிட்டனர். அவர்தம் சோம்பல் எத்தனை குடும்பங்களின் இருபதாண்டுச் செய்தியை விழுங்கிற்றோ!

ஆராய்வோன் தன் காலத்தினின்று படிப்படியாய்ப் பின்னோக்கிச் செல்லுதலே முறை. 1837 ஜூலை முதலாந் தேதி தொடங்கி அரசினர் பதிவு உண்டு. 1851ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, ஒருவன் பிறந்த சேகரம் இன்னதென்று சொல்லும். அச்சேகரத்து ஏட்டை நாடினால், 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் கிடைக்கும். அதற்கு முன்னரோ, இன்னான் மகன் இன்னான் என்பதே பெரும்பாலும் உள்ளது. 1754 முதல் மணமக்கள் விவாக ஏட்டிற் கையொப்பமிட்டனர்; எழுத்தறியாதார் சிலுவைக்குறி கீறினர். ஒருவன் தன் கையால் இவ்வுலகில் விட்டுச் சென்றது அக்கோடுகள் இரண்டேயாதலும் உண்டு.

இனி, வழிதவறுதற்குரிய இடங்களும் பல. 1720 மே மாதத்தில் ஒரு விவாகமும், 1720 பிப்ரவரியில் அவர்தம் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் எழுதப்பட்டிருப்பின், அறியாதான் அப்பெற்றோர்மேற் பழி சுமத்துவான். 1751 வரையில் அந்நாட்டில் ஆண்டு மார்ச்சு 25ஆந் தேதியிற் பிறந்தது. ஆதலின் அப்பிப்ரவரி நம் கணக்கில் 1721 ஆகும். இடையே ஒன்பது மாதம் உள. மேலும், இறந்த குழந்தையின் பெயரையே பின்பிறந்ததற்கு இடுதல் வழக்கமாதலின், அடக்க ஏட்டைப் பாராது ஞானஸ்நான ஏட்டை மட்டும் நம்புவோன், தொட்டிலில் மாண்ட சிசுவைத் தன் பாட்டனாகக் கொள்ளக் கூடும். 1642இல் மூண்ட உள்நாட்டுப் போரினால் ஏடு வெறுமையாய்க் கிடக்கும் சேகரங்களும் பல. பெயரொப்புமை ஒன்றே கொண்டு பிரபுக்குடியோடு தம்மை இணைத்துக்கொள்வாரை ஆராய்ச்சியாளர் என்றல் தகாது.

கோயிற் பெட்டியில் வேறு காகிதங்களும் உண்டு. 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வறியோன் எச்சேகரத்துக் குடியோ அச்சேகரமே அவனைத் தாங்கல் வேண்டும். ஆதலின் அயலூரிற் பிழைக்க வந்தவனை நீதிபதிகள் முன் நிறுத்தி, பிறந்தது எங்கே, யாரிடம் ஊழியஞ் செய்தாய் என வினவி எழுதிக்கொண்டனர். விவாகமின்றிச் சூலுற்ற பெண்ணை, பிள்ளை அவ்விடத்துக் குடியாகிவிடுமேயென்று, எல்லை கடத்த விரைந்தனர். கஞ்சிக்கு வழியுள்ளவன் பெயரும் தேதியுமாய் நின்றுவிடுகின்றான். துரத்தப்பட்டவன் வாழ்க்கையோ முழுவதும் எழுத்திலுள்ளது. இஃது எமக்கு வியப்பையும் துயரையும் ஒருங்கே தந்தது.

டார்பிஷயரிலுள்ள ஈயம் என்னும் சிற்றூரில் 1665-66இற் கொள்ளைநோய் பரவிற்று. குருவானவராகிய வில்லியம் மாம்பெசன் சொற்கேட்டு, நோய் அயலூர் செல்லாதபடி ஊரார் தம்மைத் தாமே சிறைசெய்துகொண்டனர். மாண்டோர் ஏறக்குறைய 260 பேர் என்பர். மாம்பெசனின் மனைவியாரும் அவருள் ஒருவர். எலிசபெத்து ஹான்காக் என்பாள், 1666 ஆகஸ்டில், கணவனையும் மக்கள் அறுவரையும் எட்டு நாட்களுள் தானே புதைத்தாள். குடிவழி தேடுவோன் அங்கே அடக்கத்தின்மேல் அடக்கமாக ஒரே குடிப்பெயரைக் காண்கின்றான்.

1978ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதியினால், நூறாண்டு கடந்த ஏடுகள் பெரும்பாலும் கோயிற் பெட்டியினின்று அவ்வக் கோட்டத்து ஆவணச் சாலைக்குப் பெயர்ந்துள்ளன. தோற்சுவடி நைந்துபோகாவண்ணம், காண்போர்க்கு அதன் நிழற்படமே பெரிதும் தரப்படுகின்றது.