தொலைதூரக் குறிக்கு ஏற்ற துப்பாக்கித் தொலைநோக்கி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியிலுள்ள மொன்டானா, வயோமிங், தெற்கு டகோட்டா முதலிய மாகாணங்களில் பரந்த மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அங்கே கால்நடைக்குரிய புல்லைத் தின்று தீர்ப்பவற்றுள் முக்கியமானது ‘பிரெய்ரி நாய்’ என்னும் பிராணி. பெயரில் நாய் என்றிருப்பினும் இஃது அணில் இனத்தைச் சேர்ந்தது. கூட்டங் கூட்டமாக வளை தோண்டி வாழ்வது. மொன்டானாவின் குதிரை மசால் வயல்களில் தரையணில்களும், கிழக்கே பென்சில்வேனியா, ஓஹியோ பகுதிகளில் சோயா மொச்சைக் கொல்லைகளில் ‘உட்சக்’ என்னும் பருத்த வளைப் பிராணியும் இதே வகையான சேதத்தை விளைவிக்கின்றன. வளைக்குள் சக்கரம் இறங்கி இயந்திரம் பழுதாவதும், குதிரையின் கால் முறிவதும் உண்டு. ஆதலால் அந்நாட்டுக் குடியானவர்களிற் பலர் சிறு விட்டமுள்ள, வேகம் மிகுந்த துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கின்றனர்.

இப்பிராணிகள் ஆள் நெருங்குவதைப் பொறுப்பதில்லை. முதல் ஓசை கேட்டவுடன் அருகிலுள்ளவை வளைக்குள் மறைந்துவிடும். எஞ்சியவற்றை 200 முதல் 400 கெஜ தூரத்தில் சுட வேண்டியதாகிறது. அத்தூரத்தில் வெறுங்கண்ணுக்குப் பிராணி ஒரு சிறு புள்ளியாகவே தோன்றும். எனவே துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி இன்றியமையாதது. அதற்கு எவ்வளவு பணம் செலவிடலாம், எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர்.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளல் நலம். ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு ‘நிமிடம்’ எனப்படும். 100 கெஜத்தில் அந்த ஒரு நிமிடக் கோணம் 1.047 அங்குல அகலத்தைக் குறிக்கும். 300 கெஜத்தில் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். வளைமேட்டில் நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி நாயின் அகலம் மூன்று நான்கு அங்குலந்தான். ஆகவே தொலைநோக்கி ஒரே ஒரு நிமிடம் பொய் சொன்னாலும் குண்டு பிராணிக்கு அப்பால் போகும், அல்லது அதைக் காயப்படுத்தி வளைக்குள் சாகவிடும். பந்தயக் குறி சுடுவோர் நிலையும் இதுவே. 1,000 கெஜத்தில் ‘எஃப் கிளாஸ்’ என்னும் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டம் பத்து அங்குல விட்டமுடையது. அதனுள் அமைந்த சிறு வட்டம் ஐந்து அங்குலமே.

வாங்குவோர் செய்யும் முதற் பிழை, பெருக்கத்தைக் காட்டும் எண்ணைக் கண்டு மயங்குவது. 24 மடங்கு, 32 மடங்கு என்று அச்சிட்ட பெட்டி கண்ணைக் கவர்கிறது. ஆயின் வெயில் ஏறியபின் நிலத்திலிருந்து எழும் கானல் அலைகளையும் தொலைநோக்கி அதே மடங்கு பெருக்கிக் காட்டும். நண்பகலில் 24 மடங்கில் நோக்கினால் குறி கொதிக்கும் நீருக்கு அடியிற் கிடப்பதுபோல் ஆடும். அனுபவமுள்ளோர் 6 முதல் 24 வரை மாற்றத்தக்க கருவியை வைத்திருந்தும், அத்தகைய வேளையில் 12க்குக் குறைத்தே சுடுகின்றனர். வெளிச்சமும் இதனோடு தொடர்புடையது. முகப்பு வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் வில்லையும் 25 மடங்கும் ஆயின் 2 மில்லிமீட்டர். பகலுக்கு அதுவே போதுமானது. அந்தி வேளையில் கண்ணின் பாவை விரிந்துவிடுதலால் அது மங்கலாகத் தோன்றும். 100, 200 கெஜத்தில் மேசைமேல் துப்பாக்கியைச் சார்த்தி ஒரே துளையில் ஐந்து குண்டு செலுத்த முயலும் பந்தயக்காரருக்கு மட்டும் 36 மடங்கு பொருந்தும். குடியானவருக்கு அது வீண் செலவு.

கண்ணாடியின் தரம் அடுத்தது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பிப் போய்விடும். தொலைநோக்கிக்குள் வில்லைகள் பல இருத்தலால் இவ்விழப்பு சிறிதன்று. 1935இல் ஜெர்மனியில் ஸ்மாகுலா என்னும் விஞ்ஞானி கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் பூசி இவ்விழப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். இன்று விற்பனைச் சீட்டில் ‘கோட்டட்’ என்று மட்டும் இருப்பின் ஏதோ ஒரு முகத்தில் ஒரு படலம் பூசியிருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். ‘புல்லி மல்ட்டி கோட்டட்’ என்றிருந்தால் காற்றைத் தொடும் எல்லா முகங்களிலும் பல படலங்கள் உண்டு என்று பொருள். குழாய்க்குள் நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்தது பனிக்காலைகளில் உட்புறம் மூடுபனி பிடிக்காது.

இவ்வளவினும் மேலானது திருகுக் குமிழின் நேர்மை. குழாய்க்குள் மற்றொரு சிறு குழாய் இருக்கிறது. குமிழைத் திருப்ப, திருகு அதை ஒரு பக்கம் தள்ளும், எதிரிலுள்ள வில் அதைத் தாங்கி நிற்கும். வில் தளர்ந்ததாயின் குமிழைத் திருப்பியும் உட்குழாய் நகராது. இரண்டு குண்டு சுட்ட அதிர்ச்சிக்குப் பின்னரே நகரும். ஒரு சொடுக்குக்குக் கால் நிமிடம் என்று எழுதியிருந்து, உண்மையில் அவ்வாறு நகராத தொலைநோக்கி, கணு கழன்ற அளவைச் சங்கிலியைப் போன்றது. அதைக்கொண்டு எவ்வளவு கவனமாக அளந்தாலும் புன்செய் நஞ்செய் கணக்கு தப்பாகவே முடியும்.

இதைச் சோதிப்பதற்குக் குண்டும் வேண்டுவதில்லை. தொலைநோக்கியை அசையாதபடி இறுக்கிக் கட்டி, 100 கெஜத்தில் ஒரு பலகையில் தூக்குக்குண்டு பிடித்து நேர்க்கோடு இட்டு, அதன்மேல் 31.4 அங்குல தூரத்தில் இரு அடையாளங்கள் செய்ய வேண்டும். குறுக்கிழையை ஓர் அடையாளத்தில் வைத்து 30 நிமிடம் திருப்பினால் அது மற்ற அடையாளத்தைச் சரியாகத் தொட வேண்டும். திரும்ப முப்பது நிமிடம் குறைத்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். பின்னர் மேல், வலம், கீழ், இடம் என ஒரே அளவாகத் திருப்பிச் சதுரம் ஒன்று சுட்டுப் பார்ப்பதும் வழக்கம். திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் இப்பரீட்சையை முடித்துவிடுதல் வாங்குவோருக்கு நன்மை. குமிழ் நிமிடக் கணக்கிலும் இழையின் கோடுகள் ‘மில்’ கணக்கிலும் இருக்கும் கருவியைத் தவிர்க்க வேண்டும். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கணக்கிடுவது எளிதன்று.

பக்கத்துக் குமிழாலோ முகப்பு வளையத்தாலோ இடமாறு தோற்றப்பிழையை நீக்கும் வசதி 10 மடங்குக்கு மேற்பட்ட கருவிக்கு அவசியம். இன்றேல் கண்ணைச் சற்று அசைத்தவுடன் இழை குறியின்மேல் நகரும். இழை பின்தளத்தில் அமைந்தது விலை குறைவு. ஆயின் அதன் அளவுக் கோடுகள் ஒரே ஒரு பெருக்கத்தில், பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில்தான், மெய்யானவை. முன்தளத்தில் அமைந்தது எல்லாப் பெருக்கத்திலும் பொருந்தும். 30 மில்லிமீட்டர் குழாய் அதிக ஒளி தரும் என்பது தவறான எண்ணம். அதனால் திருகுக்கு இடம் கூடும், அவ்வளவே. 1,000 கெஜம் சுடுவோருக்கு 308 ரகத் துப்பாக்கியில் ஏறக்குறைய 40 நிமிட ஏற்றம் வேண்டியிருத்தலால் அவர்கள் 20 நிமிடம் சாய்ந்த அடிப்பட்டையும் வைக்கின்றனர். 400 கெஜத்தோடு நிற்பவருக்கு இவை வேண்டா. ஆனால் வளையங்களையும் அடிப்பட்டையையும் மலிவாக வாங்கி விலையுயர்ந்த கண்ணாடியைப் பழிப்போர் எங்கும் உளர்.

விலையைப் பொறுத்தவரை, 1930இல் கென்டக்கி மாகாணத்தில் வில்லியம் வீவர் என்பார் 330 என்னும் எளிய தொலைநோக்கியை 19 டாலருக்கு விற்கத் தொடங்கியதே சாதாரணக் குடியானவர் கைக்கு இக்கருவி வருவதற்கு வழி திறந்தது. இன்று அந்நாட்டுச் சந்தையில் 200 டாலருக்கும் கிடைக்கிறது, 2,000க்கு மேலும் கிடைக்கிறது. உத்தேசமாக 400 முதல் 700 டாலருக்குள் 4 முதல் 16 மடங்கு வரை உள்ள, திருகு நேர்மையான கருவியைப் பெறலாம். அதற்கு மேற்பட்ட விலை அந்திக் கண்ணொளிக்கும் நெடுந்தூரப் பந்தயத்துக்குமே பயன்படுகிறது. அதே பணத்துக்கு 32 மடங்கு தருவதாகச் சொல்லும் பெட்டியில், அப்பணம் திருகிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் எடுக்கப்பட்டதாயிருக்கும். மிஞ்சிய காசைக் குண்டில் செலவிட்டுக் காற்றைப் படிப்பது மேல். மணிக்கு பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று 300 கெஜத்தில் 223 ரகத்தின் இலேசான குண்டை ஒரு சாணுக்கு மேல் ஒதுக்கிவிடும்; எந்தக் கண்ணாடியும் அதைத் தானே திருத்தாது.

நல்ல கண்ணாடிக்கு மற்றொரு பயனும் உண்டு. பிரெய்ரி நாயின் பழைய வளைகளில் தரை ஆந்தைகள் கூடு வைக்கின்றன. சட்டப் பாதுகாப்புப் பெற்ற அவையும் வளைமேட்டில் நிமிர்ந்தே நிற்கும். மங்கலான கண்ணாடியில் 300 கெஜத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. யூட்டா மாகாணத்துப் பிரெய்ரி நாய் இனமே 1973 முதல் கூட்டரசின் பாதுகாப்பில் உள்ளது. சுட்ட பிராணிகளை நிலத்திலேயே விட்டால் அவற்றைத் தின்னும் கழுகுகளுக்கு ஈயத்துகள் நஞ்சாகிறது; கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் காட்டுப் பிராணிகளைச் சுட ஈயமில்லாத குண்டையே பயன்படுத்த வேண்டும். செம்புக் குண்டுக்கு மாறுவோர் தொலைநோக்கியின் தொடக்கக் குறியை முதலிலிருந்து மீண்டும் சரிபார்த்துக்கொள்கின்றனர்.